ஈரலைக் குக்கரில் போடாதீர்கள்

கேள்வி: அம்மா, என் 14 வயது மகளுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், வாரத்தில் ஒரு நாள் ஈரலும் சமைத்துக் கொடுங்கள் என்றார். மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். முதல் முறை குக்கரில் ஆறு விசில் விட்டேன். துண்டுகள் ரப்பர் போலாகிவிட்டன. அடுத்த முறை இன்னும் நான்கு விசில் சேர்த்தேன். மரத்தூளை மெல்வதுபோல் இருந்தது. மூன்றாவது முறை கோழி ஈரல் வாங்கினேன், அது கசந்துபோனது. வீடு முழுக்கக் கவிச்சி வாடை. மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறாள். "கழிவு சேர்கிற உறுப்பை ஏன் தின்ன வேண்டும்?" என்று என் கணவர் வேறு கேட்கிறார். எளிதாக, ருசியாகச் செய்ய ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"இன்னும் நான்கு விசில் சேர்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. மகளுக்காக எவ்வளவு அக்கறையோடு அடுப்படியில் நின்றிருப்பீர்கள்! உங்கள் கையில் குறையில்லை. எல்லா இறைச்சிக்கும் ஒரே விதி என்று நம் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது. அந்த விதி ஈரலுக்குப் பொருந்தாது.

தொடைக்கறி, மார்புக்கறி எல்லாம் தசை. அந்தத் தசை நார்களைச் சுற்றிக் கொலாஜன் என்ற இணைப்புத் திசு கெட்டியாக ஓடுகிறது. நீரில் நெடுநேரம் வேகும்போது அது கரைந்து குழைவாகிறது. அதனால்தான் முற்றிய கறி வேக வேக மிருதுவாகிறது. ஈரலில் அந்த இணைப்புத் திசு மிகக் குறைவு. பச்சையாக இருக்கும்போதே அது மிருதுவானது. சூடு பட்டால் அதிலுள்ள புரதம் உறைகிறது. இன்னும் சூடு ஏறினால் இறுகித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகவைத்த முட்டை மிருதுவாகிவிடுமா? ஈரலும் அப்படித்தான். ஆறு விசிலில் ரப்பர், பத்து விசிலில் மரத்தூள். நீங்கள் சொன்ன அதே வரிசை.

எனவே முதல் வேலையாகக் குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஈரலுக்கு வேண்டியவை கனமான ஒரு வாணலி, கூரான ஒரு கத்தி, பக்கத்தை விட்டு நகராமல் ஐந்து நிமிடம். மசாலா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சமையலைத் தொழிலாகச் செய்தும் கற்பித்தும் வருகிறேன். ஈரல் பிடிக்காது என்று சொன்னவர்களில் பலர், பதமாகச் சமைத்த ஈரலை ஒருமுறைகூடச் சாப்பிட்டதே இல்லை. உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். ஈரல் என்று இங்கே நான் சொல்வது கல்லீரலை மட்டுமே. மண்ணீரலும் நுரையீரலும் வேறு. அவற்றின் பதமும் வேறு. நல்ல ஈரல் பளபளவென்று ஈரமாக, அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். கோழி ஈரல் கொஞ்சம் வெளிறியிருப்பது இயல்பு. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். எந்த மசாலாவும் அதை மீட்காது. இளம் விலங்கின் ஈரல் மென்மையாகவும் வாடை குறைந்தும் இருக்கும். முற்றியதில் இரண்டும் கடுமை. பழகாத நாக்குக்குக் கோழி ஈரல் நல்ல தொடக்கம், அடுத்தது ஆட்டீரல், மாட்டீரல் கடைசி. வாங்கிய அன்றே சமைப்பது நல்லது. குளிர்பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் உறைய வைத்துவிடுங்கள்.

கசப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரலோடு ஒட்டிப் பித்தப்பை இருக்கும். வெட்டும்போது அது கிழிந்தால் பித்தநீர் ஈரலில் இறங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு தட்டு நிறையக் கோழி ஈரல் சுத்தம் செய்தேன். ஒன்றில் மட்டும் கடுகளவு பச்சை தெரிந்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்துக் கழுவி, மற்றவற்றோடு சேர்த்து வாணலியில் போட்டுவிட்டேன். மொத்தமும் கசந்தது, எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் கத்தி வைப்பதில்லை. பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ படிந்திருந்தால், கழுவிக்கொண்டிருக்காமல் அந்த இடத்தை அரை விரற்கடை தாராளமாகச் சேர்த்து வெட்டி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது மேல்சவ்வு. ஆட்டீரலையும் மாட்டீரலையும் மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சூடு பட்டதும் இந்தச் சவ்வு சுருங்கித் துண்டைக் கிண்ணம்போல் வளைத்துவிடும். வளைந்த துண்டில் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது. அதுவும் போதாதென்று மெல்லும்போது பல்லில் இழுக்கும். ஓரத்தில் கத்தி முனையால் லேசாகக் கீறி, சவ்வின் நுனியைத் தூக்குங்கள். உலர்ந்த துணியால் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலை ஈரலுக்கும் சவ்வுக்கும் இடையில் மெதுவாக நுழைத்துத் தள்ளிக்கொண்டே வாருங்கள். காய்ச்சிய பாலின் ஆடைபோல் ஒரே படலமாக வந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். உள்ளே வெள்ளையாகத் தெரிகிற தடித்த குழாய்களையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அவை இந்த ஐந்து நிமிடச் சமையலில் வேகாது. கோழி ஈரலுக்குச் சவ்வு உரிக்க வேண்டாம். இரண்டு மடல்களை இணைக்கிற வெள்ளை நரம்பை மட்டும் நறுக்கி எடுத்தால் போதும்.

ஈரல் வழுக்கும், நேராக வெட்ட வராது. இருபது முப்பது நிமிடம் உறைபெட்டியில் வைத்து, கொஞ்சம் விறைத்ததும் எடுத்து வெட்டிப் பாருங்கள். வெண்ணெய்க் கட்டி போல் நறுக்க வரும். ஒரு சென்டிமீட்டர் கனம். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் துண்டுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பெரியது வேகும் வரை சிறியது காய்ந்துகொண்டிருக்கும்.

இனி கவிச்சி வாடை. வெட்டிய துண்டுகளைப் பாலில் முழுக வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை குளிர்பெட்டியில் வையுங்கள். உள்ளே தங்கியிருக்கும் இரத்தம் கொஞ்சம் வெளியேறும். பால் இளஞ்சிவப்பாக மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். வாடையும் கசப்பும் தணியும். பாலுக்குப் பதில் மோரும் நல்லதுதான். அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். குழாயை வேகமாகத் திறந்து ஈரலைக் கழுவ வேண்டாம். சிதறுகிற நீரில் கிருமிகள் சமையலறை எங்கும் தெறிக்கும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஈரலை எவ்வளவு நேரம் சமைக்கிறோமோ அவ்வளவு வாடை. உங்கள் வீட்டை நிறைத்த வாடையில் பாதிக்கு அந்த விசில்கள்தான் காரணம்.

ஊறிய துண்டுகளை எடுத்து, சுத்தமான துணியிலோ காகிதத் துண்டிலோ வைத்து நன்றாக ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு வாணலியில் விழுந்த ஈரல் வறுபடாது, ஆவியில் அவிந்து சாம்பல் நிறமாகும். உலர்ந்த துண்டு வாணலியைத் தொட்டதும் சுரீரென்று சத்தம் கேட்க வேண்டும். உப்பையும் இப்போது போடாதீர்கள். அது நீரை வெளியே இழுத்துவிடும். இறக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரே ஒரு செய்முறையைப் பழகுங்கள். நான்கு பேருக்குக் கால் கிலோ ஈரல். பெரிய வெங்காயம் இரண்டு, நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கியது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், மிதமான தீயில், வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால் கருகுமே தவிர இனிக்காது. ஈரலின் லேசான கசப்புக்கு வெங்காயத்தின் இனிப்பு அவ்வளவு நல்ல துணை. அதை இன்னும் பல பொருள்கள் போட்டு மறைக்க வேண்டியதில்லை. கடைசி நிமிடத்தில் தட்டிய பூண்டு நான்கு பல் சேர்த்து, வாசனை எழுந்ததும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வழித்து எடுத்துவிடுங்கள்.

அதே வாணலியில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். தீயைக் கூட்டுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஈரல் துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புங்கள். கால் கிலோ ஒரே தடவையில் கொள்ளாது. இரண்டு தடவையாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து நீர் விட்டுவிடும். போட்ட பிறகு கிளறாதீர்கள். குனிந்து பாருங்கள்: விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் மேலேறி வரும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் மேற்பரப்பில் சிறுசிறு சிவப்பு முத்துகளாக நீர் துளிர்க்கும். அதுதான் புரட்டும் நேரம். அடிப்பக்கம் நல்ல செம்பழுப்பாக மாறியிருக்கும். ஈரலில் இயற்கையாகவே கொஞ்சம் சர்க்கரைச் சத்து சேமிப்பாக இருப்பதால் சீக்கிரம் நிறம் ஏறும். புரட்டியபின் இன்னும் ஒன்றரை, இரண்டு நிமிடம். இப்போது தடித்த துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வெட்டுங்கள். சிவப்பு நீர் வழிந்தால் இன்னும் அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். நீர் தெளிவாக, உள்ளே ஈரப்பதத்தோடு வெளிர்பழுப்பாக இருந்தால் பதம் வந்துவிட்டது. வெங்காயத்தை மேலே கொட்டி, கரகரப்பாகப் பொடித்த மிளகும் உப்பும் தூவி, ஒரு புரட்டுப் புரட்டி அடுப்பை அணையுங்கள். அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். உடனே தட்டுக்குப் போக வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும்.

சீக்கிரம் இறக்குங்கள் என்பதை அரைவேக்காடாக விடுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோழி ஈரலில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி மேற்பரப்பில் மட்டுமல்ல, உள்ளேயும் இருக்கக்கூடும். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்: கோழி ஈரலின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ், ஆடு, மாடு, பன்றி ஈரல் 71 டிகிரி எட்ட வேண்டும். அதை எட்டியதும் நிறுத்துங்கள். ரப்பராவது எல்லாம் அதற்குப் பிறகு நீங்கள் விடுகிற நிமிடங்களில்தான்.

கோழி ஈரலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. முழு மடலாகப் போட்டால் உள்ளே ஆவி சேர்ந்து படாரென்று வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். இரண்டாக வெட்டிப் போடுங்கள். கொஞ்சம் மாவில் புரட்டி, ஒட்டாத மாவைத் தட்டிவிட்டுப் போட்டால் தெறிப்பது இன்னும் குறையும். மேலே மெல்லிய மொறுமொறுப்பும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

குழம்பாக வேண்டும் என்றால் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு என்று உங்களுக்குப் பிடித்தபடி குழம்பை முழுவதுமாகச் செய்து முடித்து, எண்ணெய் பிரிந்து உப்பும் சரிபார்த்த பிறகு, கடைசியாக ஈரலைப் போடுங்கள். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு, தளதளவென்று கொதிக்காமல் மெல்லிய கொதியில். ஈரல் அதில் வேகப்போவது அவ்வளவுதான், ருசியெல்லாம் முன்கூட்டியே குழம்பில் ஏறியிருக்க வேண்டும்.

உருவத்தைப் பார்த்தே உங்கள் மகள் மறுக்கிறாள் என்றால், கொத்துக்கறி நான்கு பங்குக்கு நன்றாக நறுக்கிய ஈரல் ஒரு பங்கு சேர்த்து உருண்டையாகப் பிடித்து வேகவைக்கலாம். ஆனால் அவளிடம் சொல்லாமல் ஒளித்துக் கொடுக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக்கேட்கிறேன். 14 வயதுப் பிள்ளை அதை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவாள். அன்றைக்கு ஈரலோடு உங்கள் சமையல் மீதிருந்த நம்பிக்கையும் போய்விடும். "இதில் கொஞ்சம் ஈரல் இருக்கிறது, உனக்காகப் புதிதாக வேறு மாதிரி செய்திருக்கிறேன், ஒரு வாய் சாப்பிட்டுப் பார்" என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் அடுப்படிக்கு அழைத்து, அந்தச் சிவப்பு முத்து துளிர்க்கும்போது புரட்டுகிற வேலையை அவளிடமே கொடுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. பலருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. உடலில் சேரும் நச்சுப் பொருள்களை மாற்றிப் பித்தம் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியே அனுப்புகிற வேலை ஈரலுடையது. அது கழிவைத் தேக்கி வைக்கும் பையல்ல. அது சேமித்து வைப்பது இரும்பு, வைட்டமின் ஏ, பி12, செம்பு போன்றவற்றை. அதனால்தான் உங்கள் மருத்துவர் அதைச் சொன்னார். ஒரு செய்தி சொல்கிறேன், உங்கள் கணவருக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் உயிரையே பறித்த ஒருவகைக் கடும் இரத்தசோகை நோயாளிகளுக்கு, அமெரிக்க மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் தினமும் நிறைய ஈரல் உண்ணக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1926-இல் அதை வெளியிட்டார்கள். 1934-இல் ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த, நோயாளிகளைக் காத்த அந்தப் பொருள் பி12 என்பது 1948-இல்தான் தெரிய வந்தது. உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது இரும்பு என்று நினைக்கிறேன். சமைத்த கோழி ஈரல் 100 கிராமில் 10 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி, கீரையில் இருக்கும் இரும்பைவிட உடலில் எளிதாகச் சேரும் வகை.

சத்து நிறைந்தது என்பதாலேயே அளவும் முக்கியம். வறுத்த மாட்டீரல் 100 கிராமில் வைட்டமின் ஏ 7,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்குத் தொடர்ச்சியாக ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. கோழி ஈரலில் இது ஏறத்தாழப் பாதிதான், இரும்போ அதிகம். உங்கள் மகளுக்கு வாரத்தில் ஒரு நாள், 50 அல்லது 60 கிராம் போதும். ருசி பிடித்துவிட்டது என்று தினமும் கொடுக்க வேண்டாம். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிலும் வைட்டமின் ஏ இருக்கிறது. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கு ஈரல் மாற்றல்ல, அதை நிறுத்தாதீர்கள். வீட்டில் கருவுற்ற பெண் யாராவது இருந்தால் அவருக்கு ஈரலே வேண்டாம். அளவு மீறிய வைட்டமின் ஏ கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களும், உடலில் இரும்போ செம்போ அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

மிச்சம் வராத அளவுக்கே செய்யுங்கள். ஆறிய ஈரலை மறுபடி சூடாக்கினால் இறுகும், வாடையும் திரும்ப வரும். அப்படியும் மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வெண்ணெயும் மிளகும் சேர்த்து அரைத்து ரொட்டியில் தடவிக்கொள்ளலாம், சூடாக்கவே வேண்டியதில்லை.

முதல் தடவை மகளுக்காகச் செய்யாதீர்கள். அவள் பள்ளிக்குப் போயிருக்கும் ஒரு நாளில் நூறு கிராம் கோழி ஈரலும் ஒரு வெங்காயமும் வைத்து உங்களுக்காக மட்டும் செய்து, வாணலியில் இருந்து இறக்கிய சூட்டோடு நீங்களே ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். பதம் கைக்கு வந்த பிறகு அவள் தட்டில் வையுங்கள். வந்ததா, எங்கே தட்டியது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.